அரை கிளாஸ் டீ

அப்பாவுக்கு நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வால்வு சுருங்கிவிட்டது என்றார் டாக்டர். நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை வைத்துவிடலாமாம். அதற்கு முன் பழைய வால்வின் வாயை ஸ்கேனில் துல்லியமாக அளக்க வேண்டும். சிறிதாக வைத்தால் ஓரத்தில் ரத்தம் கசியும், பெரிதாக வைத்தால் கிழிந்துவிடும். "துடிப்பு நிதானமா இருந்தாத்தான் படம் தெளிவா விழும். அன்னைக்கு டீ, காபி கூடாது" என்று என்னிடம்தான் சொன்னார்.

எர்ணாவூரில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடமாக அளவு பார்க்கிற வேலை எனக்கு. ஆடுகிற சாமானில் வெர்னியர் அளவுகோலை வைப்பவர்களைக் கண்டபடி திட்டியிருக்கிறேன். எனக்கே பாடமா என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

ஸ்கேன் அன்று சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். டீ இல்லாமல் எனக்குத் தலை வலித்தது. கூட வந்தவரைப் பார்க்க வைத்துத் தனியாக டீ குடிப்பவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஒன்றை வாங்கி இரண்டாகப் பிரித்தேன்.

"வாணாம்னாங்களே நைனா" என்றார் அப்பா.

"அரை கிளாஸ்ல இன்னா ஆயிடப் போவுது? குடிப்பா."

துடிப்பு எகிறி, படம் கலங்கிவிட்டது. "டீ, காபி எதாவது குடிச்சீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தாம்மா. புள்ளைக்குத் தெரியாம குடிச்சிட்டேன்" என்றார் அப்பா.

நர்ஸ் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சேர்ந்துகொண்டேன். "சொன்னா எங்க கேக்குறாரு, சிஸ்டர்" என்றேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

படம் தெரிவதற்காக ரத்தத்தில் ஏற்றும் மருந்தை உடனே மறுபடி ஏற்றினால் சிறுநீரகம் தாங்காது என்று ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க அப்பா படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். அதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் கொன்றவன் நான்தான் என்று, நானும் தூங்காமல் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஏம்பா அப்டி சொன்னே?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அளவு பாக்குறதுல எம் புள்ளைய மிஞ்ச ஆளில்லன்னு அந்த நர்ஸம்மாகிட்ட அப்பத்தான் சொல்லிக்கினு இருந்தேன். அப்பால உன்ன எப்டி வுட்டுக் குடுக்கிறது?"

இரண்டாம் முறை படம் தெளிவாக விழுந்தது, அளவும் கிடைத்தது. "இந்தத் தடவை பையன் கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாத்துக்கிட்டார் போல" என்று அதே நர்ஸ் பாராட்டினார். அப்பா பெருமையாகத் தலையாட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.