அப்பாவின் உத்தரியம்

அப்பா கோயிலில் வாய் திறக்கமாட்டார் என்பது அம்மாவுக்குப் பெரிய தலைக்குனிவு. குருநகர்க் கரையில் எங்கள் பகுதிச் செபமாலைக் கூட்டத்துக்கு அம்மாதான் தலைவி. அம்மா மன்றாட்டுத் தொடங்கினால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அப்பாவோ ஞாயிறு பூசைக்கு ஆண்களோடு பின்கதவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பார். பாட்டும் இல்லை, செபமும் இல்லை. ஆனால் படகைத் தள்ளி ஏறிவிட்டால் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். அடிக்கடி நின்றுபோகும் பழைய எஞ்சினோடு அப்பா கதைக்கிறார் என்று பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம்.

அப்பாவிடம் பக்திக்கு இருந்த ஒரே அடையாளம் அம்மா போட்டுவிட்ட உத்தரியம். இரண்டு சிறிய மண்ணிறத் துணித்துண்டுகளை நூலில் கோத்துக் கழுத்தில் போடுவது. அதோடு சாகிறவன் நரகத்துக்குப் போகமாட்டான் என்பது எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி உறுதியான விசயம். கடலால் வந்து குளிக்கும்போது அப்பா அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். மறுநாள் போகும்போது எடுத்துப் போடுவார்.

எனக்கு முதல் நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், கொடுக்க இருந்த வாரம் என்னுடைய உத்தரியம் அறுந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை கோயில் ஒத்திகையில் மறைக்கல்வி ரீச்சர் எல்லோருடைய கழுத்தையும் பார்ப்பார். உத்தரியம் இல்லாத பிள்ளைக்கு நன்மை இல்லை என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆணியில் கிடந்த அப்பாவுடையதை எடுத்துத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்தேன். காலையில் நான் எழும்பியபோது அப்பா கடலுக்குப் போய்விட்டிருந்தார். ஆணி வெறுமையாக இருந்தது. அவர் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று அம்மா நினைத்திருப்பார்.

ஒத்திகையில் நூலில் மீன் மணத்தது. ரீச்சர் மூக்கைச் சுளித்தாலும் கெட்டிக்காரப் பிள்ளை என்றார். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போதுதான் கோயில் சன்னல் ஒன்று படாரென்று அடித்தது. வாடைக்காற்று எழும்பிவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்தபோது முற்றம் நிறையப் பெண்கள். மற்றப் படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. அப்பாவின் படகைக் காணவில்லை, போனும் வேலை செய்யவில்லை. அம்மா முழந்தாளில் இருந்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"என்ரை மனுசன் உத்தரியத்தோடைதான் போனவர். மாதா கைவிடமாட்டா."

என் சட்டைக்குள் அந்தத் துணித்துண்டு நெருப்பாகச் சுட்டது. அப்பா தாழ்ந்துபோவார். வெறுங்கழுத்தோடு தாழ்ந்துபோவார். முதலில் கடல் அவரை எடுக்கும், பிறகு நரகம் எடுக்கும், இரண்டுக்கும் காரணம் நான். சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"பிள்ளை, நீ செபமாலையிலை ஒரு பத்து மணி சொல்லு. நாளைக்கு நன்மை வாங்கிற வாய். ஆண்டவர் கேப்பார்" என்றார் அம்மா.

சொன்னேன். ஒரு எழுத்துப் பிழைக்காமல், உரத்த குரலில், ரீச்சர் பழக்கிய அதே ராகத்தில் சொன்னேன். பக்கத்து வீட்டு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பிடிச் சொல்லுது பாருங்கோ" என்றார். வாய் தன்பாட்டில் ஓடியது. உள்ளே ஒரு சொல் இல்லை. ஆண்டவரிடம் அப்பாவைத் தா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் என் கழுத்தைப் பார்த்துவிடுவார்.

மத்தியானம் தாண்டி ஆரோ "வருது, வருது" என்று கத்தினார்கள். இன்னொரு படகு அப்பாவின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எஞ்சின் பழுது. நான் எல்லோருக்கும் முன்னால் ஓடி, இடுப்பளவு தண்ணீரில் அப்பாவைக் கட்டிப்பிடித்து விக்கி விக்கி அழுதேன்.

"அப்பா, உங்கடை உத்தரியம் நான்தான் எடுத்தனான்."

"தெரியும் பிள்ளை. கடலுக்கு வெளிக்கிடேக்கை உன்ரை தலையணைக்குக் கீழை நூல் தெரிஞ்சது."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்ப ஏன் எடுக்கேல்லை?"

"உனக்கு ஏதோ பயம் எண்டு விளங்கினது. அதாலை விட்டிட்டன்."

"உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"பயம்தான். நல்ல பயம். கதைச்சுக்கொண்டே இருந்தன்."

"ஆரோடை?"

அப்பா ஈரக் கையால் என் தலையைத் தடவிவிட்டு, அம்மாவுக்கு இது தெரியவேண்டாம் என்று மட்டும் சொன்னார். பழுதாய்ப்போன எஞ்சினோடு மணிக்கணக்காக என்ன கதைத்திருப்பார் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் அப்பாவின் உத்தரியத்தோடுதான் நன்மை வாங்கினேன். செபங்களில் ஒரு பிழையும் விடவில்லை. பூசை வைத்த சுவாமியார் மெச்சினார், அம்மா பூரித்துப்போனார். இடத்துக்குத் திரும்பும்போது பின்கதவால் பார்த்தேன். வேப்பமரத்தடியில் அப்பா வெறுங்கழுத்தோடு தனியாக நின்றார். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அங்கே எஞ்சின் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு நேற்றைய பயம் இன்னும் தெளியவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த பாட்டை உரக்கப் பாடத் தொடங்கினேன்.