யாரும் வரையாத வளையம்

கென்யக் கரையோரத்து லாமுத் தீவில் பூனை இல்லாத வீட்டை ஆள் இல்லாத வீடு என்றுதான் சொல்வார்கள். மருதாணிக்காரி தீமா வீட்டுப் பூனைக்கு லிவாலி என்று பெயர். சுல்தான் காலத்தில் ஊரை ஆண்ட அதிகாரியை அப்படித்தான் அழைத்தார்கள். பூனைக்கும் அதே நடை, அதே தோரணை. சந்தில் அது வந்தால் பவளப்பாறைக் கல் சுமந்து வரும் கழுதையே சுவரோடு ஒண்டி வழிவிடும். ஒருநாள் படகுத்துறையில் அது கவ்விக்கொண்டு வந்த எலியை ஆட்டுக்குட்டி என்று நினைத்து ஒருவர் விலை கேட்டாராம். தீமா அதை மறுத்துச் சொன்னதில்லை.

அந்த லிவாலி, வாடைக்காற்று வீசத் தொடங்கி ஊரில் கல்யாணங்கள் குவிந்த நேரத்தில், சொறிய ஆரம்பித்தது.

மீன் தலையைத் தின்றுகொண்டே இருக்கும். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலச் சட்டென்று நிற்கும். பிறகு பின்னங்காலைத் தூக்கி, கரக் கரக். காதுக்குக் கீழே மயிர் கொட்டி ஒரு வட்டம் விழுந்தது. நடுவில் வெளுப்பு, ஓரத்தில் சிவப்பு. காம்பஸ் வைத்து இழுத்தாற்போல் சுத்தமான வட்டம். பிறகு கழுத்தில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

தீமாவின் கணவன் பாய்மரக் கப்பலில் போனவன். கப்பல் திரும்பியது, அவன் திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு போட்டது அவள் கை. அதைவிட, அந்தக் கையின் ராசி. அவள் மருதாணி போட்ட பெண் ஒருத்திகூடத் தலாக் ஆகித் தாய் வீடு திரும்பியதில்லை என்று ஊர் சொன்னது. இரண்டு பேர் திரும்பத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் மொம்பாசாவில் வாழ்க்கைப்பட்டவர்கள். கடல் தாண்டியவர்களை ஊர் கணக்கில் சேர்க்கவில்லை.

ராசி கையில் மட்டும் இல்லை. மாமியார் வழியாக வந்த சிவப்பு வெல்வெட் திண்டு ஒன்று உண்டு. மருதாணி காயும்வரை மணப்பெண் அதன்மேல்தான் கையை வைத்திருக்க வேண்டும். ஒரு பெண்ணின் பாக்கியம் அதில் ஊறி அடுத்த பெண்ணுக்குப் போகும். இடையில் அதன்மேல் தண்ணீர் பட்டால் அறுந்துவிடும். அதனால் அந்தத் திண்டு ஒருநாளும் நனைந்ததில்லை. லிவாலி தூங்குவதும் அதன்மேல்தான்.

தீமா பூனையைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு கழுதை டாக்டர் கிலோன்சோவிடம் போனாள். பெருநிலத்திலிருந்து வந்தவர், பூனையும் பார்ப்பார். அவர் வட்டத்தைப் பார்த்ததும் கையுறை மாட்டினார்.

"படர்தாமரைம்மா. மனுஷங்களுக்கும் ஒட்டும். இந்த மருந்தப் பூசுங்க. இது படுத்த துணிமணி எல்லாத்தையும் கொதிதண்ணில போட்டு எடுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஆமா. ஏன், சிம்மாசனம் எதுலயும் படுக்குதா?"

தீமா சிரித்தாள். பூனையைக் கூடையில் போட்டு மூடினாள்.

வீட்டுக்கு வந்து பாய் உறை, போர்வை, உடம்பில் சுற்றும் கங்காத் துணி, அடுப்படிச் சாக்கு வரைக்கும் கொதிக்க வைத்தாள். திண்டை மட்டும் தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டு, ஊது புகையில் காட்டினாள். ஜின்னையே விரட்டும் புகைக்கு இந்தச் சொறி எம்மாத்திரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூனையை மாடிக்கு ஏற்றிவிட்டாள். மருந்து வேலை செய்தது. லிவாலி சொறிவது நின்றது. வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதி அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை.

தோழி ஷூமியின் மகள் ரயாவுக்கு மருதாணி போட்ட அன்று, வெல்வெட்டில் ஒரு செம்பட்டைப் பூனை முடி நின்றிருப்பதைத் தீமா பார்த்தாள். விரலால் எடுத்து ஊதிவிட்டாள். ரயா கையை வைத்தாள்.

புதுப்பெண் வாசல் தாண்டாத வாரம் முடிந்ததும் ஊர்ப் பெண்கள் அவளைப் பார்க்கப் போனார்கள். தீமா கடைசியாக நுழைந்தபோது ரயாவைச் சுற்றி ஒரே கூட்டம். முழங்கைக்குக் கீழே தீமா வரைந்த பூவைச் சுற்றி ஒரு சிவந்த வளையம். சுத்தமான வட்டம். அதை அவள் வரையவில்லை.

"ஏண்டி தீமா, இந்த வேலைய இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?" என்றாள் ஷூமி. "என் கல்யாணத்துக்கு மட்டும் வெறும் இலையா இழுத்துவிட்ட."

மருதாணி காய்ந்து ஒரு வாரம் கழித்துத் தானாகப் பூத்த வளையம் என்று அதற்குள் கதை கட்டியாகிவிட்டது. கல்யாணமாகாத பெண்கள் பாக்கியம் ஒட்டட்டும் என்று அதைத் தடவித் தங்கள் கழுத்தில் தேய்த்துக்கொண்டார்கள். பள்ளிவாசலில் பிரசங்கம் செய்யும் கத்தீபின் மனைவி அதைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள்.

ரயா அல்வாவை வாயருகே கொண்டுபோனாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலச் சட்டென்று நின்றாள். பிறகு சொறிந்தாள்.

"மாமி, லேசா அரிக்குது," என்றாள் ரயா மெதுவாக.

உண்மையைச் சொன்னால் ராசி போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் தோல் போகும்.

"சாயம் நல்லாப் புடிச்சா அப்படித்தான் இருக்கும் கண்ணு," என்றாள் தீமா.

அடுத்த வியாழன் ஷூமியின் தங்கை மகளுக்கு மருதாணி. அந்தப் பெண் முக்காட்டை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். "பாருங்க மாமி, உங்க வளையம் எனக்கு இப்பவே பூத்துருச்சு." முகமெல்லாம் சிரிப்பு. சொல்லிக்கொண்டே கையைத் திண்டுக்கு நீட்டினாள்.

தீமா திண்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள். தேங்காய்ச் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. திண்டை அதற்குள் அமுக்கினாள். வெல்வெட்டின் சிவப்பு தண்ணீரில் இறங்கியது.

"இது மருதாணி இல்ல," என்றாள், பின்னாலேயே ஓடிவந்த பெண்களைப் பார்த்து. "என் பூனையோட சொறி. தெரிஞ்சே மறச்சேன். எல்லாரும் டாக்டர்கிட்டப் போங்க."

ஷூமி உலையைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னாள்:

"எங்க எல்லாரோட பாக்கியத்தையும் வேகவச்சுட்டியேடி."

மறுநாள் விடிவதற்குள் ஊர் தன் கதையை முடிவு செய்துவிட்டது. திண்டு நனைந்தது, பாக்கியம் அறுந்தது, அதனால்தான் பெண்களின் உடம்பு அரிக்கிறது. அறுத்த கை தீமாவின் கை. டாக்டரிடம் ஒருவரும் போகவில்லை. ஊது புகை போட்டார்கள். வளையங்களை மூடி மருதாணி வைத்துக்கொண்டார்கள். தானே போகிறேன் என்று கெஞ்சிய ரயாவை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

தீமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இனி அவள் கதவைத் தட்ட ஆள் இல்லை. பக்கத்தில் லிவாலி, பளபளவென்று, ஒரு தழும்பும் இல்லாமல் தூங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம். ஒலிபெருக்கியில் கத்தீப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஒரு சொல்லின் நடுவே, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலச் சட்டென்று நின்றார்.

லிவாலி கண்ணைத் திறந்தது.

ஊர் முழுக்கக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வந்தது: கரக் கரக்.