நாற்காலித் துணியில் எங்க வீட்டுக் குறி

இதைச் சொல்ல ஆரம்பிச்சாலே கேட்கிறவங்க என் கண்ணைத்தான் பார்ப்பாங்க, இவ சுயபுத்தியோட பேசுறாளா இல்லையான்னு. தாராளமாப் பாருங்க. பேய், பிசாசு, ஆவி இதெல்லாம் எனக்கு ஒத்துவராத விஷயம். சாவு வீட்டுத் துணியும் பிரசவத்துத் துணியும் ஒரே மூட்டையில எங்க கைக்கு வரும், அதை அலசிக் காயப்போட்டு மடிச்சுக் கொடுத்தவளுக்கு எதைப் பார்த்துப் பயம் வரும் சொல்லுங்க. தோப்பும்படி ஹார்பர்ல மீன் விக்கிற ஏலியம்மா சேச்சி சொல்லுவா, "பேயை நம்பினா நான் விடியறதுக்கு முன்னே ஹார்பருக்குப் போக முடியுமா பொன்னம்மே? என் வாயைக் கேட்டா பேய்க்குத்தான் பேடி." பேடின்னா மலையாளத்துல பயம். நானும் அவ கட்சிதான். இன்னைக்கும் அவ கட்சிதான், அந்த ஒரு நாள் பகலைத் தவிர.

மட்டாஞ்சேரிப் பக்கம் தமிழ் பேசுற சலவைக்காரக் குடும்பம் நாங்க. வீட்டுக்குள்ளே தமிழ், வாசலைத் தாண்டினா மலையாளம், கோபம் வந்தா ரெண்டும். நாங்க துணி வெளுக்கிற தோபிகானாவுல வரிசையா கல் தொட்டி, பின்னால துணி காயுற கயிறு, கயிறுன்னா கிளிப் கிடையாது, ரெண்டு புரியை முறுக்கி அதுக்குள்ளேயே துணி நுனியைச் செருகிடுவோம், எந்தக் கடல்காத்துக்கும் அசையாது. நூறு வீட்டுத் துணி ஒண்ணாக் கிடந்தாலும் யாரோடதும் மாறாது, ஏன்னா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. சேராங்கொட்டையை ஊசியால குத்தி அந்தச் சாறைத் துணியில தொட்டு வச்சு மேலே சுண்ணாம்பை அமுக்கினா கறுப்பாப் பிடிச்சுக்கும். துணி நைஞ்சு கிழியலாம், அந்தக் குறி போகாது. எங்க தொழிலே அந்தக் குறியை நம்பித்தான் நிக்குது.

என் வீட்டுக்காரர் பேரு வேலாயுதம். கல்யாணமான மூணாம் நாள் என் சேலையெல்லாம் எடுத்து வச்சு எங்க வீட்டுக் குறி போட உட்கார்ந்தாரு. மேலே ஒரு வளைவு, கீழே மூணு புள்ளி. அவரு நாக்கை வெளியே நீட்டிக்கிட்டு அவ்வளவு கவனமா வைக்கிறதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, நான் சிரிச்சதுல அவரு கை துள்ளி மூணாவது புள்ளி தள்ளிப்போய் விழுந்துடுச்சு. நான் பயந்துட்டேன். அவரு, "கிடக்கட்டும், நீ வந்ததுக்கு அடையாளம்"னு சொல்லிட்டு, அதுக்கப்புறம் எங்க வீட்டுத் துணி அத்தனையிலும், அவரு சட்டைக் காலர் உட்பட, மூணாவது புள்ளியை வேணும்னே தள்ளி வச்சாரு. அப்படி ஒரு மனுஷன்.

எழுபதுகளோட கடைசியில ஊரே கல்ஃபுக்குப் போச்சு, இவரும் போனாரு, அங்கே ஒரு ஹோட்டல்ல சலவை வேலை. நாலு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு மழைக்காலத்துல கடிதம் வந்துச்சு. அவருக்கு வாதம் வந்து வலது கை விளங்காமப் போச்சு, காலை இழுத்துத்தான் நடக்கிறாரு, பேச்சு சுத்தமா நின்னுடுச்சு. அவரு கூட வேலை செய்யுற ஜோசிங்கிற, எங்க பக்கத்துப் பள்ளுருத்திக்காரர், பம்பாய் வரைக்கும் கொண்டுவருவாரு, ஜோசிக்கு ஒரு மணிக்கு வேற ஊருக்கு விமானம், அதுக்குள்ளே வீட்டு ஆளு யாராவது ஏர்போர்ட் லவுஞ்சுல வந்து ஏத்துக்கணும், மூணு மணிக்கு கொச்சி விமானத்துல ரெண்டு பேருக்கும் சீட்டு போட்டிருக்கு. கடைசியில ஒரு வரி இருந்துச்சு, அதுதான் என்னை ஆட்டி வச்சது: நோயாளியைத் தனியே விடவேண்டாம், ஆஸ்பத்திரியிலிருந்து ரெண்டு தடவை எழுந்து போய்விட்டார்.

யோசிச்சுப் பாருங்க. பேர் கேட்டா சொல்ல வாய் இல்ல, எழுதிக் காட்டக் கை இல்ல. அந்த மனுஷன் பம்பாய்ல ஒரு வாசலைத் தாண்டினாருன்னா நான் எங்கே போய்த் தேடுவேன்? குறி இல்லாத துணி மாதிரி ஆயிடுமே.

ரயில்ல ஏறி பம்பாய் போய், அங்கேயிருந்து கேட்டுக் கேட்டு ஏர்போர்ட் போய்ச் சேரும்போது பதினோரு மணி. எனக்குத் தெரிஞ்ச ஏர்போர்ட் எங்க கொச்சித் தீவுல அப்போ இருந்ததுதான், அங்கே ஒரு கதவு, ஒரு பெஞ்சு, நிக்கிற இடத்துல இருந்தே எல்லாரையும் பார்த்துடலாம். இங்கே கட்டடமே ரெண்டு, ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு, நடுவுல பஸ்ல போகணும். ஆனாலும் சொல்லணும், பார்த்ததும் பயத்தோட பயமா எனக்கு ஒரு மதிப்பும் வந்துச்சு. இத்தனை ஆயிரம் ஜனம், ஒருத்தரும் கத்தல, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு கட்டியிருக்கு, அந்தச் சீட்டைப் பார்த்து எந்த ஊருக்குப் போகணும்னு பிரிக்கிறாங்க. அட, நம்ம தொழில்தானே இதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

புதுக் கட்டடத்துல கௌண்டர் பொண்ணு, "கல்ஃப் விமானம் இங்கேதான் வரும், கீழே லவுஞ்சுல உட்காருங்க. ஆனா கொச்சி விமானம் பழைய கட்டடத்துல இருந்து போகும், சில பேர் நேரா அங்கே போயிடுவாங்க, அங்கேயும் ரெண்டு லவுஞ்ச் உண்டு"ன்னு நல்ல மாதிரியாத்தான் சொன்னா. அதுல பாதி இந்தி, பாதி கைஜாடை. ஆக மூணு இடம், நான் ஒருத்தி. கல்ஃப் விமானம் இன்னும் இறங்கலன்னு சொன்னதால ஓடிப்போய் மூணையும் பார்த்துட்டுத் திரும்பி புதுசுலேயே உட்காரலாம்னு முடிவு பண்ணினேன்.

மத்தவங்க லவுஞ்சைப் பார்த்தா மெத்தை எப்படி, சாயா கிடைக்குமா, கண்ணாடி வழியா விமானம் தெரியுமான்னு பார்ப்பாங்க. என் கண்ணு நேரா துணிக்குத்தான் போகும். புதுசுல எல்லாம் கறுப்பு ரெக்ஸின், துணியே இல்ல. பழசுல கீழே இருந்ததுல நாற்காலி முதுகுக்குத் துணி போட்டிருந்தாங்க, ஆனா நீலம் கூடிப்போய் மேகம் மாதிரி திட்டுத்திட்டா நின்னுச்சு. மாடியில மூணாவது லவுஞ்ச். கதவைத் தள்ளினேன், அப்படியே நின்னுட்டேன்.

ஐம்பது நாற்காலி இருக்கும். ஒவ்வொண்ணு முதுகிலும் ஒரு வெள்ளைத் துணி, ஒரு சுருக்கம் இல்ல, ஒரு விரற்கடை ஏற்ற இறக்கம் இல்ல. அந்த வெள்ளையும் எங்க வெயில் வெள்ளை கிடையாது. எங்க வெள்ளையில லேசா ஒரு மஞ்சள் சூடு இருக்கும். இது குளிர்ந்த வெள்ளை, பாலாடையை விலக்கினா அடியில தெரியுமே, அது. தொழிலாளிக்கு இன்னொரு தொழிலாளி கைவேலையைப் பார்த்தா தொடாம இருக்க முடியாது, கடைசி வரிசையில ஒரு துணியோட நுனியை எடுத்துப் பார்த்தேன்.

வளைவு. கீழே மூணு புள்ளி. மூணாவது புள்ளி தள்ளி.

நம்பினா நம்புங்க, இல்லாட்டி விடுங்க. பக்கத்துத் துணியைப் பார்த்தேன், இல்ல. அந்த வரிசை பூராவும் பார்த்தேன், இல்ல. ஒண்ணே ஒண்ணுல மட்டும்.

"யக்கா, எதுக்குத் துணிய திருப்பித் திருப்பிப் பாக்கிய? மூட்டைப்பூச்சி ஒண்ணும் கெடையாது, நான் மாத்துற சேரு."

அந்த ஊர்ல தமிழைக் கேட்டதும் எனக்கு உயிரே வந்துச்சு. நீலச் சேலை, கையில மடிச்ச துணிக் கட்டு, பேரு செல்லக்கனி, திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து தாராவிக்கு வந்து குடியேறினவ. அந்த லவுஞ்சைத் துடைக்கிறது, துணி மாத்துறது எல்லாம் அவ பொறுப்பு.

"மூட்டைப்பூச்சி இல்ல தங்கச்சி. கொச்சியில நாலு தலைமுறையா வெளுக்கிறவ சொல்றேன், இப்படி ஒரு வெள்ளை நான் பார்த்ததில்ல."

"இதைச் சொல்லதுக்கு ஒரு ஆளு கொச்சியில இருந்து வரவேண்டியிருக்கு பாருங்க. இங்கன இருக்கவனுவ எண்ணெத் தலைய அப்பிட்டுப் போறதோட சரி."

"குறி யார் போட்டது இதுல?"

அவ குனிஞ்சு பார்த்தா. "குறியா? மிஷின்ல வெளுக்கது, குறியே போடமாட்டாங்களே. காலையில நாந்தான் விரிச்சேன், அப்ப ஒண்ணுமே இல்ல. எந்த எடுபட்ட பய கிறுக்குனானோ." எச்சில் தொட்டுத் தேய்ச்சுப் பார்த்தா.

"அழியாது"ன்னேன்.

"அப்ப மாத்திருதேன். சூப்பர்வைசர் பாத்தாம்னா என்னத்தான் கடிப்பான்."

"மாத்தாதே. நான் சாய்ஞ்சு உட்கார்ந்து மறைச்சுக்கிறேன்."

உட்கார்ந்துட்டேன். எதுக்கு வந்தேன்னு முழுக் கதையும் அவகிட்டே சொன்னேன். அவ துணிக் கட்டைக் கீழே வச்சா.

"நல்லா இருக்கு யக்கா ஒங்க கத. புருஷன் புதுக் கட்டடத்துல எறங்குவாரு, நீங்க இங்கன துணிக்குக் காவலா? எந்திரிங்க, பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்கு."

எழுந்தேன். கதவு வரைக்கும் போனேன். திரும்பிப் பார்த்தா அந்தக் குறி அங்கேயிருந்து என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். புத்தி புதுக் கட்டடத்துக்குப் போடின்னுது. ஆனா நான் பிறந்ததுல இருந்து துணி தப்பிப்போனா புத்தியை வச்சா தேடியிருக்கேன்? குறியை வச்சுத்தான் தேடியிருக்கேன். ஜன்னலுக்குக் கீழே மழையில அந்தப் பன்னெண்டு மணி பஸ் கிளம்பிப் போறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். செல்லக்கனி ஒண்ணும் திட்டல. எங்கேயோ போய் ஒரு கிளாஸ் சாயா கொண்டுவந்து கொடுத்தா, "குடிங்க, நீங்க தெரியாம ஒண்ணும் செய்யமாட்டிய"ன்னா. தெரிஞ்சு ஒண்ணுமே செய்யாத நேரத்துல அப்படிச் சொல்ல ஒரு மனசு வேணும் பாருங்க.

பன்னெண்டே முக்காலுக்கு மாடிப்படியில சத்தம். ஒரு கால் வைக்கிற சத்தம், ஒரு கால் இழுக்கிற சத்தம்.

கதவைத் தள்ளிக்கிட்டு அவருதான் முன்னால வந்தாரு. பின்னால ரெண்டு பெட்டியோட, மூச்சு வாங்கிக்கிட்டு ஒருத்தர். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவே இல்ல. நேரா கடைசி வரிசைக்கு நடந்து வந்தாரு, நான் சாய்ஞ்சிருந்த துணியோட நுனியை இடது கையால இழுத்து, மூணாவது புள்ளி மேல கட்டைவிரலை வச்சாரு. அப்புறம்தான் தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாரு. வாய் ஒரு பக்கம் மட்டும் சிரிச்சுது. பக்கத்துல செல்லக்கனி, "ஏ ஆத்தா"ன்னு மெதுவாச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு.

ஜோசி சேட்டன் பெட்டியைக் கீழே போட்டுட்டுச் சொன்னாரு: "சேச்சீ, இது எந்தா கதை. அங்கே புதுக் கட்டட லவுஞ்சுல இருத்தினேன். அஞ்சு மினிட் இருக்கல, எழும்பி என் சட்டையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. பாத்ரூமுக்குன்னு நினைச்சு அங்கே கொண்டுபோனா வேண்டாம். சாயா வேண்டாம். பஸ்ஸுக்கு இழுக்குது. இங்கே வந்தா கீழே உட்காராது, மாடிக்கு இழுக்குது. எனக்கு நேரமும் ஆச்சு, கௌண்டர்ல இவரை ஒப்படைச்சு ஏல்பிச்சுட்டுப் போயிடலாம்னு ரெண்டு தடவை நினைச்சேன், சத்தியம். நான் போயிருந்தா..." அவரு கண் கலங்கிடுச்சு. தன்னோட விமானம் போனாலும் போகட்டும்னு ஒரு ஊமை மனுஷன் இழுத்த பக்கமெல்லாம் பெட்டி தூக்கிக்கிட்டு நடந்த ஜோசி சேட்டனை நான் இன்னைக்கும் கும்பிடுறேன். ஓட்டமா ஓடினாரு, விமானத்தைப் பிடிச்சுட்டாருன்னு பின்னால கடிதம் வந்துச்சு.

கிளம்பும்போது செல்லக்கனி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "அந்தத் துணிய மாத்தமாட்டேன் யக்கா. சூப்பர்வைசர் கடிச்சா கடிக்கட்டும்."

சாயந்திரம் மேகத்துக்குக் கீழே கொச்சிக் காயல் தெரிஞ்சுது, தீவு தெரிஞ்சுது, வந்துட்டோம். மறுநாள் காலையில அவரு போட்டு வந்த சட்டையைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். தண்ணியில போடுறதுக்கு முன்னே பழக்கத்துல காலரைத் திருப்பினேன்.

குறி இல்ல.

நாலு வருஷம் முன்னே நான் பக்கத்துல உட்கார்ந்திருக்க அவரே அந்தக் கையால வச்ச குறி. பெட்டியில இருந்த மத்த ஆறு சட்டையிலும் பத்திரமா இருக்கு, இதுல மட்டும் இல்ல. ஓட்டை இல்ல, சுரண்டின தடம் இல்ல. எங்க துறையில பெரியவங்க அத்தனை பேருக்கும் காட்டினேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "இதுல குறியே போட்டிருக்கமாட்டான், நீ மறந்திருப்பே"ன்னாங்க. சரின்னு நானே சேராங்கொட்டை எடுத்து அந்த இடத்துல வச்சேன். பிடிக்கல. சுண்ணாம்பு உதிர்ந்துச்சு, சாறு பக்கத்துல ஓடி அங்கே கறுப்பாச்சு, அந்த இடம் மட்டும் அப்படியே. அவருகிட்டே காட்டினேன், உங்களுக்குத் தெரியுமான்னு கேட்டேன். அதே ஒரு பக்கச் சிரிப்பு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாரு, ஒரு நாளும் ஒரு அடி கூட வீட்டை விட்டுத் தனியாப் போகல, ஒரு வார்த்தையும் பேசல.

சட்டை இன்னும் என்கிட்டே இருக்கு. அதை மத்த துணியோட சேர்க்கிறதில்ல, தனியாத்தான் அலசுவேன், எங்க தொட்டியில, எங்க வெயில்ல. நாள்பட்ட துணி, மொத்தமும் மஞ்சளடிச்சுப் போச்சு, காலர் உட்பட. குறி இருந்த அந்தக் கட்டைவிரல் அகலம் மட்டும் மஞ்சளாகல. வேற யாரு பார்த்தாலும் அது எந்த வெள்ளைன்னு தெரியாது, நான் வெளுக்கிறவ, எனக்குத் தெரியும். அது எங்க வெள்ளையே இல்ல. பாலாடைக்கு அடியில இருக்கிற அந்தக் குளிர்ந்த வெள்ளை, செல்லக்கனி மாடி லவுஞ்சுல விரிச்சிருந்த வெள்ளை.