சின்ன பாட்டரிக்கு உரிய கரண்ட்

நீடாமங்கலம் ரயில் நிலையத்துக்கு எதிரே பெரியநாயகசாமி பாட்டரிக் கடை வைத்திருந்தார். மோட்டார் சைக்கிள், கார், டிராக்டர் எதுவானாலும் பாட்டரி செத்துப்போனால் அவரிடம்தான் வரும். ஆசிட் பட்டுப் பட்டு அவருடைய வேட்டிகள் எல்லாம் சல்லடையாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு உடுத்திப்போக ஒரே ஒரு வேட்டியைத் தனியாக வைத்திருந்தார்.

புது பாட்டரி வாங்க வருகிறவர்கள் பெரியதாகக் கேட்பார்கள். அவர் தரமாட்டார். "உங்க வண்டி டைனமோ எவ்வளவு குடுக்குதோ அதுக்கேத்ததத்தான் வாங்கணும். பெருசா வச்சா அது கடைசி வரைக்கும் நிறையாது" என்பார். வியாபாரம் கெட்டாலும் உண்மையைச் சொல்லும் மனிதர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயரைத்தான் பிறகு தவறான இடத்தில் செலவழித்தார்.

அவர் கடையில் பல பாட்டரிகளை ஒன்றோடொன்று கம்பியால் கோத்து ஒரே லைனில் சார்ஜ் போடுவார். லைனில் ஓடும் கரண்ட் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஆகவே வரிசையில் எது சிறியதோ அது தாங்குகிற அளவுக்குத்தான் கரண்ட் வைக்க வேண்டும். பெரிய பாட்டரி நிறைய இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். சின்னது வேகக் கூடாது. அந்தத் தொழிலில் இருந்த இந்த நியாயம் அந்நாளில் தஞ்சை ஜில்லாவின் வயல்களில் இல்லை.

1972ஆம் வருஷம். உழுகிற குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்திருந்தது. சென்னையில் கைதட்டலோடு பிறந்த சட்டம், வாய்க்கால் கரைக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. காத்தாயி என்ற பெண் கணவன் இறந்தபின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, தானே உழுதுவந்தாள். நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையார் அவளைக் குத்தகைக்காரியே இல்லை, கூலிக்காரி என்றார். பதிவு கேட்டு அவள் போட்ட மனுவுக்கு மன்னார்குடியில் விசாரணை. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வீரையன் அவளைத் தன் பழைய மோட்டார் சைக்கிளில் அழைத்துப்போவதாக ஏற்பாடு. பாட்டரி இல்லாமல் எவ்வளவு உதைத்தாலும் கிளம்பாத வண்டி அது. விசாரணைக்கு முதல் நாள் காலையில் பாட்டரியைச் சார்ஜுக்குக் கொண்டுவந்தார்.

"அண்ணே, நாளைக்கு இது காலை வாருச்சுன்னா காத்தாயி நிலம் போச்சு. பாத்துச் செய்யுங்க."

"சாயங்காலம் வாங்க தோழர். குதிரையாட்டம் போகும்."

நண்பகலில் பண்ணையாரின் மகன் வந்தார். ஊரில் அவரைச் சின்னவர் என்பார்கள். சோழவரத்துப் பந்தயத்துக்காகச் சீமை மோட்டார் கார் ஒன்று வாங்கியிருந்தார். பெரிய பாட்டரி. மூன்று மணி நேரத்தில் வேண்டும் என்றார். கடை இருந்த கட்டடமும் அவர்கள் குடும்பத்தினுடையது.

"அதுக்கு ரெண்டு நாள் வேணுங்க."

"பாட்டரிக்கு என்னய்யா பிரசவமா பாக்குற? கரண்ட்ட ஏத்து."

பெரியநாயகசாமி சீமை பாட்டரியை லைனில் கோத்தார். கரண்டை ஏற்றினார். வீரையனின் பாட்டரியைக் கழற்றியிருக்க வேண்டும். கோக்கிற அவசரத்தில் விட்டுவிட்டார். இப்போது கழற்ற மறுபடி லைனை நிறுத்த வேண்டும். சின்னவர் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அரை மணியில் கரண்டைக் குறைத்துவிடலாம் என்று பெரியநாயகசாமி நினைத்தார். மூன்று மணி நேரம் குறைக்கவில்லை. சின்ன பாட்டரி கொதித்து, மூடி வழியாக ஆசிட் துப்பியது. தொட்டால் கை சுட்டது.

சின்னவர் போனபின் அதைத் துடைத்தார். தண்ணீர் ஊற்றினார். அதன் முனைகளில் பல்பை வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று எரிந்தது. உள்ளே தகடுகள் வளைந்த பாட்டரியும் சற்று நேரம் அப்படி எரியும் என்று அவருக்குத் தெரியும். மாலையில் வீரையன் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் கொடுத்தார்.

மறுநாள் மன்னார்குடிச் சாலையில் பாதி வழியில் வண்டி நின்றது. இருவரும் நடந்து போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதி மனுவைத் தள்ளியாகிவிட்டது.

அப்போதும் வழி இருந்தது. முப்பது நாளுக்குள் தக்க காரணம் காட்டினால் மறுபடி விசாரிப்பார்கள். வீரையன் கடைக்கு வந்தார்.

"பாட்டரி எப்படிக் கெட்டுதுன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுங்கண்ணே. உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கு."

பெரியநாயகசாமி அந்த மதிப்பைக் கொண்டு பொய் சொன்னார். "ராத்திரி லைட்ட அணைக்காம விட்டிருப்பீங்க தோழர். இறங்கிப்போச்சு."

வீரையன் யோசித்தார். "அணைச்ச மாதிரிதான் ஞாபகம்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். காரணம் போதாது என்று இரண்டாம் மனுவும் தள்ளுபடியானது.

பெரியநாயகசாமி அந்த வாரமே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். மன்னிப்புக் கிடைத்தது. பறிபோனது காத்தாயியின் நிலம், மன்னித்தது யாரோ. இப்படி ஒரு வசதியை மனிதன் தனக்குச் செய்து வைத்திருக்கிறான். ஆனால் அந்த மன்னிப்பு அவருக்குச் செரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன்பின் அவர் ஒரு லைனில் ஒரு பாட்டரிக்கு மேல் போட்டதில்லை.

பன்னிரண்டு வருஷம் கழித்துக் கடையை மூடியபின், நடந்ததை முழுவதும் எழுதிக் கையெழுத்திட்டு, சைக்கிளில் காத்தாயியைத் தேடிப்போனார். அதே ஒன்பது மாவில் அவள் கூலிக்கு நடவு நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்று சொன்னார். அவள் நாற்று முடியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"வீரையன் ரெண்டு வருஷத்துக்கு முந்தி செத்துப்போனாரு, தெரியுமில்ல?" என்றாள். "படுக்கையில கெடக்கிறப்பக்கூட, 'ஒன் நிலத்த நான்தான் தொலைச்சேன் காத்தாயி, லைட்ட அணைக்காம'ன்னு அழுதாரு. நான்தான் சமாதானம் சொன்னேன்."

பெரியநாயகசாமி காகிதத்தை நீட்டினார். சேற்றுக் கையால் அவள் அதை வாங்கவில்லை.

"இத இப்ப எந்த ஆபீசுல குடுக்கிறது, சொல்லுங்க."

மற்றப் பெண்கள் நட்டுக்கொண்டே நாலு முழம் நகர்ந்துவிட்டிருந்தார்கள். தன் வரிசை பின்தங்கியதைப் பார்த்து அவள் குனிந்தாள்.