ஏலத்தில் முகம் திருப்பியவள்

கண்ணைப் பார்த்தே மீன் புதிதா பழையதா என்று சொல்லிவிடுவேன் என்ற கர்வம் எனக்கு. என் கண்ணை யாராவது அப்படிப் பார்த்திருந்தால் கூடையிலிருந்து எடுத்து வீசியிருப்பார்கள்.

வயதாக ஆக, பார்வையின் நடுப்பகுதி அழிந்துபோனது. சுற்றிலும் இருப்பது தெரியும். எதை நேராகப் பார்க்கிறேனோ அது மட்டும் தெரியாது. மனிதர்களுக்குக் காது இருக்கும், முகம் இருக்காது. வஞ்சரத்துக்குத் தலையும் வாலும் இருக்கும், இடையில் புகை. யாரிடமும் சொல்லவில்லை. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, கொருக்குப்பேட்டையில் உட்கார்ந்து விற்றுப் பிழைப்பவள் நான். விஷயம் தெரிந்தால் ஏலத்துக்கு வராதே, வீட்டில் கிட என்று சொல்லிவிடுவார்கள். அதனால் எல்லாம் தெரிகிற மாதிரியே நடந்தேன். ஐஸ் பெட்டிமேல் கிடந்த மழைக்கோட்டைப் பார்த்து, "இன்னா நைனா, சாப்டியா?" என்று விசாரித்தேன். பதில் சொல்லவில்லை என்று அதன்மேல் கோபமும் பட்டேன்.

கண் ஆஸ்பத்திரியில், போனது திரும்பாது, மிச்சமிருப்பதைப் பழக்கலாம் என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி தந்த அம்மா எதிரே உட்கார்ந்து, "என்னை நேரா பாக்காதீங்கம்மா. என் காதுக்குப் பக்கத்துல பாருங்க" என்றார்.

"யாரா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா பாத்துதான் எனக்குப் பழக்கம்" என்றேன்.

"அந்தப் பழக்கத்தைத்தான் விடச் சொல்றேன்."

வேண்டாவெறுப்பாகக் காதோரம் பார்த்தேன். மெல்ல மூக்கு வந்தது, மூக்குத்தி வந்தது, அவர் சிரிப்பும் வந்தது. வீட்டில் டம்ளரையும் பூண்டையும் வைத்துப் பழகினேன்.

பிறகு, பெரிய ஆள் மாதிரி ஏலத்திலேயே அதைச் செய்தேன். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம். விலை ஏற ஏற, மீன் வேண்டும் என்பவள் ஏலக்காரர் முகத்தையே பார்த்து நிற்பாள். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச்சே கிடையாது. பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த வழக்கம் அன்று எனக்கு நினைவில்லை. படகுகள் பக்கம் முகத்தைத் திருப்பினேன். ஆகா, வஞ்சரத்துக்கு இடுப்பு வந்துவிட்டது! அதை ரசித்து நிற்கும்போதே, பக்கத்தில் கடை போடுபவள் அந்த மீன் குவியலை ஏலத்தில் எடுத்துவிட்டாள்.

"யோவ், அது என் கூறு!"

"நீதான் மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கினியே ஆயா! அப்பால இன்னா சவுண்டு வுடுற?" என்றார் ஏலக்காரர்.

"கழுத்து சுளுக்கு" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மறுநாளும் சுளுக்கு. அதற்கடுத்த நாளும் சுளுக்கு. பக்கத்துக் கடைக்காரி, "வா யக்கா" என்று சுளுக்கு எடுப்பவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் தலையைக் கையில் பிடித்து, எண்ணெய் வழிய வழிய, "நேரா பாரு! நேரா பாரு!" என்று முறுக்கினார்.

"வுடுய்யா! கழுத்து நல்லாத்தான் கீது. கண்ணுதான் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

கடைக்காரி அவர் கையை என் தலையிலிருந்து விலக்கினாள். "என்னைப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினியே, அது?"

"உன்னப் பாக்கத்தாண்டி திருப்பினேன்."

"திமிருன்னு நெனச்சேன் யக்கா."

"அதுவும் கொஞ்சம் கீது."

மறுநாள் நான் போவதற்குள் அவள் ஊருக்கே சொல்லியிருந்தாள். வீட்டுக்குப் போ என்ற வார்த்தைக்குக் காத்து நின்றேன். ஏலக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஆயா அந்தாண்ட பாத்துகினு இருந்தா மீனு வேணும்னு அர்த்தம். நேரா பாத்தா வாணாம்னு அர்த்தம்!"

ராணி மாதிரி படகுகளைப் பார்த்து நின்றேன். ஏலத்துக்கு வந்த சங்கரா மீனின் செவுள் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஆயா போட்டோக்கு நிக்குது பாரு" என்றாள்.

எனக்கு வந்தது கோபம். அவளை மூஞ்சிக்கு நேராக முறைக்கத் திரும்பினேன். திரும்பும் வழியில், என் முகத்துக்கு நேரே ஏலக்காரர் நின்றிருந்தார்.

"ஆயாவுக்கு வாணாம்!" என்றார். சங்கரா போய்விட்டது.