பீஸ் நகர்ந்துவிட்டதென்ற பயம்

வலது இடுப்பின் வெளிப்பக்க எலும்பில் நோவு தொடங்கி மாதக்கணக்காகியும் நான் டொக்டரிடம் போகவில்லை. பயம்தான். அந்த இடுப்புக்குள் கடைசிச் சண்டையில் பட்ட ஷெல் துண்டு ஒன்று கிடக்கிறது. பீஸ் என்போம். வன்னியில் எவருக்கு எங்கே நொந்தாலும் முதல் சந்தேகம் பீஸில்தான் விழும். அது நகரத் தொடங்கிவிட்டது, வெட்டப் போகிறார்கள், இனி நான் எழும்பி நடக்கமாட்டேன் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பக்கத்து வளவுக்காரியாவது சும்மா இருந்தாளா? "உடையார்கட்டிலை ஒரு மனிசிக்கு இப்பிடித்தான் நொந்தது. பிறகு காலே வழங்கேல்லை" என்றாள். நாசமாய்ப் போக! அதன்பிறகு படியேறும்போதெல்லாம் காலை எண்ணி எண்ணி வைத்தேன்.

கடைசியில் என் மனுஷன்தான், "இஞ்சரப்பா, வெளிக்கிடும். இல்லாட்டித் தூக்கிக்கொண்டு போவன்" என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார்.

டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னா. அந்த எலும்பின்மேல் விரலால் அமத்தினா. ஐயோ என்று கத்திவிட்டேன். எக்ஸ்ரே படத்தை அவா பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மனுஷனின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பீஸ் பின்பக்கச் சதைக்குள்ள பேசாமல் கிடக்குது, அம்மா. நோவு அதாலை இல்லை. வெளி எலும்பிலை வந்து ஒட்டுற தசைநாண்தான் பழுதாயிருக்கு. வெட்டத் தேவையில்லை, பயிற்சி செய்தால் மாறும். எந்தப் பக்கம் சரிஞ்சு படுக்கிறனீங்கள்?"

"வலப்பக்கம்."

"எப்பவுமோ?"

நான் வாய் திறக்க முன்னர் மனுஷன் சொன்னார்: "ஓம் டொக்டர். சண்டை முடிஞ்சு முகாமிலையிருந்து வந்த நாள் தொட்டு கதவைப் பாத்துத்தான் படுக்கிறவா."

டொக்டர் எக்ஸ்ரே படத்தை உறைக்குள் வைத்தா. பிறகு, "இனி மற்றப் பக்கம் படுங்கோ. முழங்காலுகளுக்கு இடையிலை ஒரு தலையணை வையுங்கோ" என்றா.

மற்றப் பக்கம் சுவர். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடப்பதா? பீஸுக்குப் பயந்ததைவிட அதற்குத்தான் கூடப் பயந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனுஷன் கட்டிலைத் திருப்பி, தலைமாடு இருந்த இடத்தில் கால்மாட்டைப் போட்டார். இப்போது இடப்பக்கம் படுத்தாலும் கதவு தெரியும்.

அன்று படுக்கும்போது, "பூட்டித்தானே கிடக்குது, கண்ணை மூடுமன்" என்றார்.

என்னால் மூட முடியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவரும் கதவைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்.