தினமும் பைதான் ஏற்றிய ஜெசிந்தா மேடம்

காலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஜெசிந்தா மேடத்தின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் கணவர் தேவசகாயம். "லேபுக்கு இன்னைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க மேடம்" என்றார். காய்ச்சலா என்று கேட்டேன். "இல்லைங்க. வெடியக்காலம் காலேஜுக்குக் கெளம்புறப்ப நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்தாங்க. போயிட்டாங்க" என்றார். மனைவி இறந்து கிடக்கும் வீட்டில் அந்த மனிதருக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் லேப். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

எங்கள் கல்லூரியில் கணினி படித்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆவூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அவர் ஏன் எங்களோடேயே இருந்தார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. இங்கே வேலைக்குச் சேரும் அன்றே தாளாளர் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் எம்.எஸ்சி. பட்டம் வரை எல்லாம் உள்ளே. பத்திரமாக இருக்கும் என்பார். ரொம்பப் பத்திரம்! வேறு எங்கும் போய் வேலைக்குச் சேர முடியாது, அவ்வளவுதான்.

மேடத்துக்கு ஆவூர்ப் பக்கமே ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்தே போகலாம், ஒரிஜினலைக் காட்டினால் போதும். தாளாளரிடம் போய்க் கேட்டார். பைதான் என்கிற கணினி மொழிக்கு அந்த வருஷம்தான் புதிதாக பிராக்டிகல் வருகிறது, அதை நல்லபடியாக முடித்துக் கொடுத்துவிட்டு வாங்கிப் போகலாம் என்றார் தாளாளர். மேடம் நம்பினார். நானும்தான் நம்பினேன், எங்களை என்னவென்று சொல்ல.

தேர்வுக்கு முதல் நாள் நாங்கள் இருவரும் லேபில் ஒவ்வொரு மிஷினாகப் பைதானை ஏற்றினோம். இன்ஸ்டால் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போடாமல் விட்டால், பைதான் உள்ளே இருந்தும் கம்ப்யூட்டர் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கும். "மொதல்ல டிக்கு, அப்புறந்தான் இன்ஸ்டால்" என்று மிஷினுக்கு மிஷின் என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாவற்றிலும் ஒரு சின்ன புரோகிராம் ஓட்டிப் பார்த்தார். பிறகு முறையாக அணைத்து, உறையும் போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

மறுநாள் காலை திறந்தால் ஒரு மிஷினிலும் பைதான் இல்லை. லேபை அமைத்துக் கொடுத்த ஆள், வைரஸ் வராமலிருக்க ஒரு பூட்டு போட்டிருக்கிறார். மிஷினை அணைத்துப் போட்டால் புதிதாக ஏற்றியதெல்லாம் அழிந்து, பழையபடி ஆகிவிடும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டோடு அவர் சிங்கப்பூர் போய்விட்டார். நேற்று செய்த புரோகிராமைக் காணோம் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகள் வந்து நின்றதும், ஒழுங்காக சேவ் பண்ணத் துப்பில்லையா என்று நாங்கள் விரட்டியதும் அப்போதுதான் உறைத்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஸ்டாஃப் ரூமில் டிபனுக்கு உட்கார்ந்திருந்தார்.

மேடம் பதறவில்லை. "சாருக்கு இன்னும் ரெண்டு இட்லி வைக்கச் சொல்லுங்க கலா. சட்னி எப்படின்னு கேளுங்க, பேச விடுங்க" என்று சொல்லிவிட்டு முதல் மிஷினில் உட்கார்ந்தார். நான் தேர்வாளரின் மருமகன் உத்தியோகம் வரை விசாரித்தேன். அவர் கை கழுவி, காபி குடித்து, லேபுக்குள் வந்தபோது முதல் பேட்ச் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் பைதான் இருந்தது.

அந்தப் பூட்டு போக மிஷின்களை மொத்தமாக அழித்து பார்மட் பண்ண தாளாளர் விடவில்லை. அதில் இருக்கும் ஆங்கிலப் பயிற்சி சாஃப்ட்வேர் போய்விடுமாம். அணைக்காமல் வைக்கலாம் என்றால், சாயங்காலம் வாட்ச்மேன் மெயினை இறக்கிவிட வேண்டும் என்பது உத்தரவு. ஆகவே தேர்வு நடக்கும் ஒவ்வொரு நாளும் மேடம் விடிவதற்குள் கிளம்பி வந்து எல்லாவற்றிலும் மறுபடி ஏற்றினார். தேர்வு ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. சர்டிபிகேட்டைக் கேட்கப் போனார். "இவ்வளவு தெரிஞ்ச ஆள விட்டுப்புட்டு அடுத்த செமஸ்டருக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றார் தாளாளர், பாராட்டுகிற மாதிரி. அந்தப் பள்ளி வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

ஒரே ஒரு நாள் ஏற்றாமல் விடுங்கள், அப்போது தெரியும் அவருக்கு என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "புள்ளைகளுக்கு மார்க்கு போயிரும் கலா. சர்டிபிகேட்ட அவருகிட்டக் குடுத்தது நான், அதுக இல்லையே" என்பார். ஒவ்வொரு பிராக்டிகலுக்கும் ஏற்றினார், ஒவ்வொரு பிராக்டிகல் முடிந்தும் தாளாளர் அறை வாசலில் போய் நின்றார்.

அவர் போன அன்றும் பிராக்டிகல். நானே பைதானை ஏற்றி, முதல் பேட்சை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். நான் ஆவூர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை வாசலில் வைத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே தாளாளர் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, கக்கத்திலிருந்த பழுப்புக் கவரை எடுத்து தேவசகாயத்திடம் நீட்டினார். மேடத்தின் ஒரிஜினல் எல்லாம் சரியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தேவசகாயம் இரண்டு கையாலும் வாங்கி நன்றி சொன்னார். வீடு தேடி வந்து கொடுக்கிறாரே, எவ்வளவு பெரிய மனுஷன் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது.

"சார், என்னோடதும் அந்த பீரோவுலதான் இருக்கு. அத என் கையில குடுத்துருங்க, எங்க வீட்டுக்காரரு கையில வேண்டாம்" என்றேன். ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். தாளாளர் யாரையும் பார்க்காமல், "பிராக்டிகல் முடியட்டும்மா, பேசுவோம்" என்றார்.

இன்று காலை முதல் பஸ்ஸில் வந்து எல்லா மிஷினிலும் பைதானை ஏற்றிவிட்டேன். பிள்ளைகள் உள்ளே தேர்வு எழுதுகிறார்கள். அந்த வேலையை மேடத்திடமிருந்து எனக்கென்று எடுத்துக்கொண்டேன். தாளாளர் போகச் சொன்னால் மேடம் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவாரே, அதை மட்டும் அவர் பெட்டியோடு ஆவூர்க் கல்லறையில் விட்டுவிட்டேன். இதை தாளாளர் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவர் இன்னும் வரவில்லை.